பந்தி விசாரிப்பு

ஆகஸ்ட் 18, திங்கள்

டாக்டர் எழுதி வைக்கச் சொன்னது என் கணவருடைய தூக்கத்தையும் சாப்பாட்டையும் மட்டும்தான். புள்ளியியல் பாடம் நடத்துகிறவள் இரண்டு வரியோடு நிறுத்திக்கொள்வதுதான் நியாயம். முயல்கிறேன்.

தூக்கம்: விட்டு விட்டு. சாப்பாடு: காலையில் ஒன்றரை இட்லி, மதியம் கொஞ்சம் மோர்ச்சோறு.

கல்லூரியில் விடுப்பு கிடைத்துவிட்டது. நவம்பர் கடைசி வரை. அதற்கு மேல் ஒரு நாள்கூடக் கேட்காதீர்கள் என்று முதல்வர் சொல்லிவிட்டார். காரணம் என்ற இடத்தில் 'கணவருக்கு உடல்நலமில்லை' என்று எழுதினேன். புனேயில் வேலை பார்க்கும் மகள் நித்திலாவிடம் டைஃபாய்டு என்று சொல்லியிருக்கிறேன். டைஃபாய்டு அதிகபட்சம் எவ்வளவு காலம் நீடிக்கும் என்று விசாரித்து வைத்துக்கொள்ள வேண்டும்.

தச்சர் வந்து குளியலறைத் தாழ்ப்பாளைக் கழற்றிக் கொடுத்தார். என்ன கோளாறு என்று கேட்டார். துரு என்றேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார். அது பித்தளை. கூலியை வாங்கிக்கொண்டு போனார். தாழ்ப்பாள் என் கைப்பையில் இருக்கிறது. வீட்டிலிருந்த மாத்திரைகள் எல்லாமும் அதில்தான். சமையலறைக்குப் போனாலும் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு போகிறேன்.

இன்று அவர் கதவைச் சும்மா சாத்திக்கொண்டு குளித்தார்.

ஆகஸ்ட் 20, புதன்

தூக்கம் இல்லை. இருவருக்கும்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

மனதுக்குப் பிடித்த, பாரமில்லாத ஒரு வேலை. நாலு பேர் முகம் பார்க்கும்படியாக. பகலில் தனியாக விட வேண்டாம். டாக்டர் சொன்னது இவ்வளவுதான். சொல்லிவிட்டு அடுத்தவரை அழைத்துவிட்டார். ஐம்பத்தாறு வயதில், மில்லை மூடியதால் வீட்டுக்கு வந்துவிட்ட ஒரு லேபர் ஆபீசருக்குப் பாரமில்லாத வேலை பாளையங்கோட்டையில் எந்தக் கடையில் விற்கிறது என்று நான் கேட்டிருக்க வேண்டும்.

நாத்தனார் தினமும் வாட்ஸ்அப்பில் ஏதாவது அனுப்புகிறார். ஓய்வுக்குப் பிறகு ஜாலியாகச் செய்யக்கூடிய வேலைகளாம். நாய்களை நடைக்கு அழைத்துச் செல்வது அதில் முதல் யோசனை. எங்கள் தெரு நாய்கள் யார் துணையும் இல்லாமல் நன்றாகவே நடக்கின்றன. கடைசியில் ஒரு சிரிக்கும் கிழவர் படம். நாத்தனாரைக் குறை சொல்ல முடியாது. அந்த வியாழக்கிழமை குளியலறையில் நடந்தது பற்றி அவருக்குத் தெரியாது. தெரிந்தவர்கள் மூன்று பேர்தான்: இவர், நான், டாக்டர்.

துணி மடிப்பதற்கு வசதியான இடம் குளியலறை வாசல்தான் என்று கண்டுபிடித்திருக்கிறேன். வெளிச்சம் நன்றாக வருகிறது. அவர் குளிக்கப் போகும்போது மடிக்க உட்கார்கிறேன். உள்ளே குவளைச் சத்தம் கேட்கும்வரை கை ஓடுகிறது.

செப்டம்பர் 1, திங்கள்

தெரிந்தவர் ஒருவரின் நாற்றுப் பண்ணையில் கொண்டுபோய் விட்டேன். வருகிறவர்களுக்குச் செடி காட்ட வேண்டும், தண்ணீர் விட வேண்டும். நிழல், பச்சை, காற்று. நாத்தனார் அனுப்பிய பட்டியலில் இதுவும் உண்டு. நான் பண்ணை கேட்டுக்கு வெளியே டீக்கடையில் புத்தகம் வாசித்தபடி இருந்தேன். ஒரே பக்கம்.

செப்டம்பர் 3, புதன்

பண்ணைக்காரர் மரியாதையாகத்தான் சொன்னார். சார் ஒரே பாத்தியில் குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றுவிடுகிறாராம். ரோஜா நாற்றுகள் மிதக்கின்றனவாம். ஆள் வந்து கேட்டால் நிமிர்ந்து பார்ப்பதில்லையாம்.

திரும்பி வரும்போது ஆட்டோவில் அவர், "என்ன எங்கயும் கொண்டுபோய் வைக்காத, வடிவு" என்றார். இந்த வாரத்தில் பேசிய முதல் முழு வாக்கியம். அதை எழுதி வைக்கிறேன், நல்ல செய்தியாக எண்ணி அல்ல.

செப்டம்பர் 4, வியாழன்

வியாழக்கிழமை என்பதால் போகவே வேண்டாம் என்றிருந்தேன். என் துறையில் வேலை பார்ப்பவரின் மகள் கல்யாணம். தனியாக விட்டுவிட்டுப் போக முடியாது, போகாமலும் இருக்க முடியாது. வேட்டி சட்டை எடுத்து வைத்தேன். உடுத்திக்கொண்டார். திருநீறு பூசிக்கொண்டார். பார்ப்பதற்கு ஒரு குறையும் இல்லாத மனிதர். அதுதான் இந்த வியாதியின் அயோக்கியத்தனம்.

பந்தி நடக்கும் கூடத்தின் ஓரம் ஒரு நாற்காலியில் அவரை உட்கார வைத்துவிட்டு, இடம் பிடிக்க இலை முன்னால் உட்கார்ந்தேன். அப்போது சமையல் காண்டிராக்டர், இடுப்பில் துண்டைக் கட்டிய பருத்த மனிதர், நேராக அவரிடம் வந்து சத்தம் போட்டார்.

"அண்ணாச்சி, பொண்ணுக்குப் பெரியப்பா நீங்களே இப்படி உக்காந்துட்டா பந்திய யாரு விசாரிக்கது? ரெண்டாம் வரிசைல சாம்பார் வராம முழிச்சுக்கிட்டு இருக்காவ. எந்திரிங்க."

நான் எழுந்து, இவர் பெரியப்பா இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவர் எழுந்துவிட்டார். அதட்டலுக்கு எழுந்தாரா, அண்ணாச்சி என்று கூப்பிட்டதற்கு எழுந்தாரா, தெரியாது. இரண்டாம் வரிசைக்குப் போனார். சாம்பார் வாளிக்காரரைக் கையசைத்துக் கூப்பிட்டார். பிறகு ஒவ்வொரு இலையாகக் குனிந்து குனிந்து நடந்தார். அவியல் வந்துதா, இன்னும் கொஞ்சம் வாங்கிக்கிடுங்க, பாயசத்துக்கு அப்பளம் வேணுமா. அந்தக் குரலை நான் பங்குனிக்குப் பிறகு கேட்கவில்லை.

என் இலைக்கும் வந்தார். "கொஞ்சம் சோறு போடச் சொல்லட்டுமா?" என்றார், யாரோ ஒருத்தியைக் கேட்பதுபோல. நான் எப்போதும் செய்வதுபோல இலை மேல் கையை வைத்து மறைத்தேன். போதும் என்றேன். இப்போது நினைத்தால் ஏன் மறைத்தேன் என்று இருக்கிறது.

மில்லில் மதியம் கேண்டீனைச் சுற்றி வருவது அவர் வழக்கம். வேலையில் சேர்ந்த நாளிலிருந்து. சாப்பிட்டாச்சா, பிள்ளைக்குக் காய்ச்சல் தேவலையா என்று கேட்டுக்கொண்டே போவாராம். பங்குனியில் அதே மனிதர்களுக்கு மூடும் அறிவிப்பை வாசித்துக் காட்டும் வேலையும் அவருக்குத்தான் வந்தது. மில் கேட்டில் ஒருவர் இவர் காலடியில் துப்பினாராம். அவரோடு நெடுநாள் சாப்பிட்ட ஆள். அதற்குப் பிறகுதான் பேச்சு குறைந்தது.

செப்டம்பர் 6, சனி

அந்தக் காண்டிராக்டர் வீடு தேடி வந்தார். பெயர் இசக்கியப்பன். பெரியப்பா இல்லை என்று மாலையில்தான் யாரோ சொன்னார்களாம். மன்னிப்புக் கேட்க வந்தவர் முறுக்கும் கொண்டு வந்திருந்தார். காப்பி குடித்துவிட்டு விஷயத்துக்கு வந்தார். இப்போது எந்தக் கல்யாணத்திலும் பந்தியில் நின்று கேட்க ஆள் இல்லையாம். பெண்ணுக்கு அப்பா மேடையில் போட்டோவுக்கு நிற்கிறார், சித்தப்பாவும் மாமாவும் வெளிநாட்டில். சமையல் எப்படி இருந்தாலும், எவனும் கவனிக்கவில்லை என்ற பேச்சுதான் மிஞ்சுகிறது.

"அண்ணாச்சி சும்மா வந்து நின்னாப் போதும்மா. வாளி தூக்க வேண்டாம், கணக்குப் பாக்க வேண்டாம். சிரிச்ச மொகமா நாலு வார்த்தை. இதவிட லேசான வேலை உண்டுமா?"

உபசரிப்பைக் கூலிக்கு விடும் காலம் வந்துவிட்டது என்று எனக்குத் தோன்றியது. விருந்துக்கு வந்தவர்கள், இவர் யாரென்று கேட்டால் என்ன சொல்வது என்று கேட்டேன்.

"வேண்டப்பட்டவன்னு சொல்லட்டும். பொய்யும் இல்ல, நெசமும் இல்ல."

அப்படி ஒரு வாக்கியத்தை வைத்துக்கொண்டு என் துறையில் ஒன்றும் செய்ய முடியாது.

போகும்போது வாசலில் நின்று ஒன்று சொன்னார். துட்டி வீட்டுச் சமையலும் அவர்கள்தான் செய்கிறார்களாம். அதற்கு மட்டும் இவரைக் கூப்பிட மாட்டாராம். சாவுச் சாப்பாட்டில் வாங்க என்று சொல்லக் கூடாது, இன்னும் கொஞ்சம் என்று கேட்கவும் கூடாது. வந்தவர்கள் தாங்களாகச் சாப்பிட்டுவிட்டுச் சொல்லாமல் போக வேண்டும். "தெரியும்லா அண்ணாச்சி?"

"தெரியும்" என்றார் அவர்.

எனக்கு விருப்பமில்லை. எம்.ஏ. படித்த மனிதர், ஊரார் பந்தியில் போலிப் பெரியப்பாவாக நிற்பதா. ஆனால் நவம்பர் முடிவுக்கு முன் எனக்கும் வேறு வழி தெரியவில்லை. ராத்திரிச் சாப்பாட்டில் அவரே, "போயிப் பாக்கட்டா?" என்றார். முறுக்கைக் கடித்துக்கொண்டு தலையாட்டினேன்.

செப்டம்பர் 14, ஞாயிறு

போனார். வந்தார். மூன்று இட்லி.

அக்டோபர் 12, ஞாயிறு

புரட்டாசியில் கல்யாணம் குறைவு. வளைகாப்பு, காதுகுத்து என்று இசக்கியப்பன் அழைக்கிறார். இல்லாத நாட்களில் அவர் மறுபடி ஜன்னல் பக்கம் உட்கார்ந்துவிடுகிறார். ஆகவே முன்னேற்றம் என்ற சொல்லைப் பயன்படுத்த மாட்டேன். பந்தி உள்ள நாளில் ஒரு மனிதர், இல்லாத நாளில் வேறொருவர். சராசரி எடுத்தால் யாருமே கிடைக்க மாட்டார்கள்.

நித்திலா வீடியோவில் பார்த்துவிட்டு, அப்பா இளைத்துவிட்டார் என்றாள். டைஃபாய்டு அப்படித்தான் என்றேன்.

அக்டோபர் 30, வியாழன்

வந்ததும் சேலைகூட மாற்றவில்லை. எழுதினால் பதற்றம் நிற்கும் என்று எழுதுகிறேன்.

வண்ணார்பேட்டையில், ஆற்றுப் பாலத்துக்குப் பக்கத்து மண்டபத்தில் கல்யாணம். மதியம் திரும்ப வேண்டியவர் வரவில்லை. போன் அணைந்திருந்தது. இசக்கியப்பன் எடுக்கவில்லை. விளக்கேற்றும் நேரமாகிவிட்டது. ஆட்டோ பிடித்தேன். பாலத்தின் நடுவில் நிறுத்தச் சொன்னேன். இறங்கி இரண்டு பக்கமும் போய்ப் பார்த்தேன். மழைத் தண்ணீர் கலங்கலாக ஓடியது. எதைத் தேடினேன் என்று எழுத மாட்டேன். ஆட்டோக்காரர், "எதுவும் விழுந்துட்டா, அக்கா?" என்று கேட்டார். இல்லை என்றேன்.

மண்டபத்தின் பின்கட்டில், கவிழ்த்துப் போட்ட அண்டா மேல் உட்கார்ந்து, மறுவீட்டு விருந்தில் வைக்கும் சொதிக் குழம்புக்குத் தேங்காய் உரித்துக்கொண்டிருந்தார். சுற்றிலும் பரிமாறுகிற ஆட்கள். யாரோ சொன்ன எதற்கோ எல்லாரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அவரும். என்னைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது.

"நீ எதுக்கு வந்த?"

"குடை கொண்டு வந்தேன்."

வானத்தில் ஒரு மேகமும் இல்லை. கையில் குடை இருந்தது, அதுவே எனக்கு ஆச்சரியம். அவர் வாங்கிக்கொண்டார். திரும்பும்போது பாலம் வந்தது. அவர் ஆற்றைப் பார்க்கவில்லை. பாலம் முடியும்வரை என்னைப் பார்த்துக்கொண்டு வந்தார்.

டிசம்பர் 1, திங்கள்

கல்லூரிக்குத் திரும்பினேன். கைப்பையோடு. முதல் இடைவேளையில் போன் செய்து கேஸ் மூடியிருக்கிறதா என்று கேட்டேன். இரண்டாவதில் பால் உறை ஊற்றியாயிற்றா. மதியம் என்ன கேட்பதென்று தெரியாமல், மழை பெய்கிறதா என்றேன். நாங்கள் இருப்பது ஒரே ஊர்.

கார்த்திகையில் முகூர்த்தங்கள் நிறைய. அது ஒன்றுதான் ஆறுதல்.

டிசம்பர் 16, செவ்வாய்

மார்கழி பிறந்துவிட்டது. தை வரை கல்யாணம் இல்லை. பந்தி இல்லை. இதை முன்பே நினைத்திருக்க வேண்டியவள், காலண்டரைக் கிழிக்கும்போதுதான் நினைத்தேன்.

ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருக்கிறார். இட்லி, ஒன்று.

டிசம்பர் 18, வியாழன்

கல்லூரி விட்டதும் இசக்கியப்பனின் பாத்திரக் கிடங்குக்குப் போனேன். நேற்றும் போனேன். நேற்று வாசலில் நின்று, அடுக்கி வைத்த அண்டாக்களைப் பார்த்துவிட்டு, நாத்தனார் வீட்டு விசேஷத்துக்குத் தேதி கேட்க வந்ததாகச் சொல்லித் திரும்பிவிட்டேன். நான் யாரிடமும் எதையும் கேட்டுப் பழக்கமில்லை. வேலைக்கு விண்ணப்பித்ததைத் தவிர.

இன்று கேட்டேன். பந்தி இல்லாவிட்டாலும் சமையற்கட்டில் ஒரு ஓரமாக அவரை வைத்துக்கொள்ள முடியுமா, கூலி எதுவும் வேண்டாம், ஏதாவது நறுக்கிக்கொண்டு இருக்கட்டும், பகலில் மட்டும். இசக்கியப்பன் காது குடைந்துகொண்டிருந்ததை நிறுத்தினார்.

"மார்கழில எனக்கு வாரது எல்லாம் துட்டி வீட்டுச் சாப்பாடுதாம்மா. அது எதுக்கு அண்ணாச்சிக்கு?"

"வீட்டில் தனியாக இருக்கக் கூடாது" என்றேன். அவர் என் பையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். திங்கட்கிழமை காலையில் வேனை அனுப்புவதாகச் சொன்னார். பெருமாள்புரத்தில் ஒரு பதினாறாம் நாள் காரியம்.

டிசம்பர் 22, திங்கள்

வீட்டுக்கு வந்தபோது இசக்கியப்பன் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. இவர், சட்டையில் ஒரு பொத்தான் இல்லாமல், உள்ளே நாற்காலியில் இருந்தார். இருக்கிறார் என்பதைப் பார்த்த பிறகுதான் நான் காது கொடுத்தேன்.

பெருமாள்புரத்தில் இறந்தவருக்கு ஐம்பத்தாறு வயதாம். நோய் நொடி எதுவும் இல்லையாம். இதைச் சொல்லும்போது குரலைத் தாழ்த்திக்கொண்டார். எனக்கு அடுப்பில் ஏதோ இருப்பதுபோல உள்ளே ஓட வேண்டும் என்றிருந்தது. இவரை அங்கே நான்தான் அனுப்பினேன்.

"கடைசிப் பந்தில எறந்தவரு வீட்டுக்காரியக் கூட்டிவந்து உக்கார வச்சாவ. அந்தப் பொம்பள எலயவே பாத்துக்கிட்டு இருக்கா. யாரும் ஒண்ணுஞ் சொல்லக் கூடாது, அதான முறை. இவரு அருவாமணைய விட்டு எந்திரிச்சு வாராரு. எலைக்குப் பக்கத்துல குத்தவச்சு உக்காந்து, ரசம் ஊத்தச் சொல்லட்டுமா தாயி, ஒரு வாய் சாப்பிடுங்கன்னு கேக்காரு. எனக்கு உசுரே இல்ல."

அந்தப் பெண்ணின் கொழுந்தன் பாய்ந்து வந்து இவர் சட்டையைப் பிடித்தானாம். யாருய்யா நீ என்றானாம். இவர், வேண்டப்பட்டவன் என்றாராம்.

"யாருக்கு வேண்டப்பட்டவன்னு கேட்டான். இவரு பேசாம நிக்காரு. நான் கையக் கால புடிச்சுக் கூட்டியாந்தேன். பழக்கதோஷம்னு சொல்லிச் சமாளிச்சிருக்கேன். ஆனா இனிமே வேண்டாம்மா. ஊருக்குள்ள இந்தப் பேச்சு பரவுனா நல்லது கெட்டதுக்கு எவன் என்னைக் கூப்பிடுவான்?"

தை மாதம்கூடவா என்று கேட்டேன். கேட்டுவிட்டேன். இசக்கியப்பன் தரையைப் பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

உள்ளே இவருக்கு எதிரில் போய் உட்கார்ந்தேன். பழக்கதோஷம் இல்லை என்பது எனக்குத் தெரியும். முறை தெரியாதவர் அல்ல. ஏன் என்று கேட்கவில்லை. அவராகச் சொன்னார்.

"அவ சாப்பிடல. நிமிந்து பாத்தா. அவ்வளவுதான்."

பிறகு, கையைப் பார்த்துக்கொண்டே:

"அந்த வியாழக்கெழம சரியா நடந்திருந்தா, நம்ம வீட்டுலயும் இப்படி ஒரு கடைசிப் பந்தி போட்டிருப்பாவ. நீயும் இப்படித்தான் எலயப் பாத்துக்கிட்டு இருந்திருப்ப. ஒருத்தரும் கேட்டிருக்க மாட்டாவ. முறையில்லைன்னு எல்லாரும் சும்மா நிப்பாவ." சட்டையில் பொத்தான் போன இடத்தைத் தடவினார். "இது எனக்குத் தோணவே இல்ல, வடிவு. அன்னைக்கு."

பையைத் தோளிலிருந்து கழற்றி மேசை மேல் வைத்தேன். பிறகு எடுத்து மாட்டிக்கொண்டேன்.

டிசம்பர் 24, புதன்

இட்லி, இரண்டு. தூக்கம், கொஞ்சம். வேலை போய்விட்டது. வேறு எதையும் தேடவில்லை. நாத்தனார் அனுப்பியதைத் திறக்கவில்லை.

நித்திலாவிடம் டைஃபாய்டு இல்லை என்று சொன்னேன். என்ன என்பதையும் சொன்னேன். சனிக்கிழமையே வருவாள் என்று நினைத்தேன், டிக்கெட் கிடைக்கவில்லையாம், செவ்வாய்க்கிழமை வருகிறாள்.

டிசம்பர் 28, ஞாயிறு

பொத்தான் தைத்தேன். அரைத்துவிட்ட சாம்பார், வாழைக்காய்ப் பொரியல். வாழை இலை அவரே கொல்லையிலிருந்து நறுக்கிக்கொண்டு வந்து கழுவி வைத்தார். சாப்பாட்டுக்கு முன்னால் குளிக்கப் போனார்.

குளியலறை வாசலில் துணி மடித்துக்கொண்டிருந்தேன். குவளைச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. இன்றுதான் கவனித்தேன். குளிக்கிற மனிதன் அவ்வளவு சத்தமாகக் குவளையை வாளியில் முட்ட வேண்டியதில்லை. தண்ணீர் மொள்ளாத நேரத்திலும் அது முட்டிக்கொண்டிருந்தது. எத்தனை காலமாக அப்படி என்று தெரியவில்லை.

பிறகு சத்தம் நின்றது.

மடித்த துண்டைப் பிரித்து மறுபடி மடித்தேன். சத்தம் இல்லை. கதவில் கை வைத்தேன். தாழ்ப்பாள் இருந்த இடத்தில் நாலு ஓட்டைகள். தள்ளினால் திறந்துவிடும். தள்ளவில்லை. கூப்பிடவும் இல்லை.

"இருக்கேன், வடிவு" என்றார் உள்ளிருந்து. "தலை துவட்டுதேன்."

நான் அங்கேயே நின்றேன்.

"நீ போயி எலையப் போட்டு உக்காரு. நான் வந்து கேக்கேன்."

போய் உட்கார்ந்தேன். சோறும் சாம்பாரும் பரிமாறிக்கொண்டேன். இலையை மறைக்காமல் இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டு, குளியலறைக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன்.